அம்மா கொடுத்த நற்சான்று

கல்கத்தாவில் பெரிய டாக்டர் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் முதலில் பெயர் எழுத வேண்டும். மருந்துக்கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருக்கும். அதற்கு சேம்பர் என்று பெயர். எங்கள் டாக்டர் சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அங்கே வந்து உட்காருவார். அன்று காலை ஏழு மணிக்கு கம்பவுண்டருக்கு போன் செய்தால் நோட்டில் நம் பெயரை எழுதிக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் நோட்டு நிரம்பிவிடும். அதற்கப்புறம் கூப்பிட்டால் அடுத்த சனிக்கிழமைதான்.

எனக்கிருந்த வியாதியே எதையும் அதற்கான நேரத்தில் செய்யத் துப்பில்லாததுதான். அந்த வியாதிக்கு வைத்தியம் பார்க்கிறவரை, சரியாக ஏழு மணிக்கு போன் செய்கிறவர்கள்தான் பார்க்க முடியும். இந்த ஏற்பாட்டை யோசித்துச் செய்த மகராசன் நன்றாக இருக்கட்டும்! முதல் சனிக்கிழமை ஒழுங்காக எழுந்து, போன் பக்கத்தில் போய் நின்று, அங்கே கிடந்த பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டினேன். நிமிர்ந்தபோது எட்டரை. அடுத்த சனிக்கிழமை நம்பர் எழுதிய சீட்டைக் காணவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை வந்துபோனது எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. கடைசியில் அம்மாதான் நம்பரைப் போட்டு ரிசீவரை என் காதில் வைத்து அழுத்தினாள்.

இது இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில். எனக்கு முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. டாலிகஞ்சில் ஒரு வாடகை வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு பாங்க் கிளையில் ஆபீசர் வேலை. அந்த வேலையில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்துக்கொண்டிருந்தது.

கிளையில் பணம் வைக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. இரண்டு ஆபீசர்கள் ஆளுக்கு ஒன்று வைத்திருப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். ஒரு பென்ஷன் நாளில், வயதானவர்கள் தெருவரை வரிசையில் நிற்க, என் சாவியைக் காணோம். பையைக் கவிழ்த்தேன், மேஜையைக் கவிழ்த்தேன், மானமே கவிழ்ந்தது. வீட்டுக்கு போன் செய்தேன். வெகுநேரம் கழித்து அம்மா சாவியோடு மெட்ரோ பிடித்து வந்து சேர்ந்தாள். சாவி வீட்டு ஃப்ரிட்ஜில், கொத்தமல்லி சுற்றிய கவருக்குள் இருந்ததாம். அதை அங்கே நான் எப்போது வைத்தேன், எதற்கு வைத்தேன், சத்தியமாக இன்றுவரை எனக்குத் தெரியாது.

மெமோ கொடுத்தார்கள். இன்னொரு முறை நடந்தால் சஸ்பென்ஷன் என்று மேனேஜர் வாயாலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அம்மா அந்தச் சாவியை என் பாவாடை நாடாவில் கோத்து, அவளுக்கு மட்டுமே அவிழ்க்கத் தெரிந்த ஒரு முடிச்சைப் போடுவாள். நாடாவை அவிழ்க்காமலே சாவியை இழுத்துப் பெட்டகத்தைத் திறக்கும் அளவுக்கு நீளம் விட்டிருப்பாள். சாயங்காலம் அவிழ்த்து அரிசி டிரம்மில் போட்டுவிடுவாள். சாவியை வேறு ஒரு கை தொடக்கூடாது என்பது பாங்க் விதி. உண்மையில் எங்கள் கிளையின் ஒரு சாவி அம்மாவின் பொறுப்பில்தான் இருந்தது.

பக்கத்து மேஜையில் ஒரு வங்காளி அக்கா இருந்தார், தீதி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் தன் தங்கை மகனைப் பற்றிச் சொன்னார். பையனுக்குக் கவனம் ஓரிடத்தில் நிற்காதாம், கையில் கொடுத்ததைத் தொலைப்பானாம், ஆரம்பித்ததை முடிக்க மாட்டானாம். அதற்கு ஏ.டி.ஹெச்.டி. என்று பெயராம். சோம்பேறித்தனமும் இல்லை, திமிரும் இல்லை, மூளையின் வாகே அப்படியாம். மருந்து உண்டாம். நான் சப்பாத்தியைக் கையில் பிடித்தபடி அழ ஆரம்பித்துவிட்டேன். அதுவரை நான் எனக்கு வைத்திருந்த பெயர் தண்டம். வேறொரு பெயர் இருக்கக்கூடும் என்று யாரும் சொன்னதில்லை.

தீதிதான் விசாரித்து, அந்தப் பையனைப் பார்க்கும் டாக்டர் பெரியவர்களையும் பார்க்கிறார் என்று நம்பர் வாங்கித் தந்தார். பெயர் எழுதிக்கொண்ட கம்பவுண்டர் போனிலேயே சொன்னார்: பள்ளிக்கூட மார்க் ஷீட் எல்லாம் கொண்டு வாருங்கள், சின்ன வயதில் உங்களைப் பார்த்தவர் யாரையாவது கூட்டி வாருங்கள். என்னிடம் போய் அந்தக் காலத்து மார்க் ஷீட்! அதையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிற ஜென்மமாக இருந்தால் நான் ஏன் ஐயா அங்கே வருகிறேன்? ஆனால் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்தாள். வகுப்பு வாரியாக ஒரு ஃபைலில் அடுக்கினாள். கூட வருகிறாயா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் வருகிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் தூறிக்கொண்டிருந்தது. அம்மா அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னம்மா இது, கல்யாணத்துக்கா போறோம்?"

"டாக்டர் முன்னால பஞ்சப் பரதேசி மாதிரி போய் நிக்கணுமாக்கும்? ஏட்டி, நீயும் அந்தச் சுருங்குன சேலைய மாத்து."

அம்மாவுக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்கத்தாவுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. வழியில் லேக் மார்க்கெட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மல்லிகைப்பூ வாங்கி என் தலையில் வைத்தாள். அப்போதாவது எனக்குப் புத்தியில் உறைத்திருக்க வேண்டும்.

சேம்பரில் இரண்டு பெஞ்சு, ஒரு காற்றாடி. ஒருவரை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து மருந்து விளம்பரங்களைப் படித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "ஒரு எடமா உக்காரு. கால ஆட்டாத. பாக்கவங்க என்ன நெனப்பாவ?" கம்பவுண்டர் எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார். பெயரைக் கூப்பிட்டதும் அம்மா என் தலையில் பூவைச் சரிசெய்துவிட்டு உள்ளே அனுப்பினாள். பின்னாலேயே அவளும் வந்தாள்.

டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். களைத்த முகம், ஆனால் அவசரப்படாத மனிதர். எவ்வளவு நேரம் தூங்குகிறேன், வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்றெல்லாம் வங்காளியும் ஆங்கிலமும் கலந்து கேட்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "போன வாரம் என்னென்ன சிரமப்பட்டீர்கள்? அதைச் சொல்லுங்கள்" என்றார்.

தொலைப்பதில் பட்டம் வாங்கியவள் நான். ஒரு உதாரணம் ஞாபகம் வரவில்லை. ஒன்றுகூட! சாவிக் கதையை ஆரம்பித்தேன். அதிலிருந்து கொத்தமல்லி ஏன் ஃப்ரிட்ஜில் அழுகுகிறது என்பதற்குப் போனேன், அங்கிருந்து மெட்ரோவில் கூட்டம், அங்கிருந்து தீதியின் தங்கை. எதற்காக வந்தேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு ஃபைலைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இவ்வளவு ஒழுங்காக யாரும் எனக்குக் கொண்டுவந்து காட்டியதில்லை. சொன்ன நேரத்துக்கும் வந்திருக்கிறீர்கள்" என்றார்.

"எல்லாம் அம்மாதான்" என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு விளக்கமாகவே சொன்னார். இது முப்பத்தைந்து வயதில் புதிதாக முளைக்கிற வியாதி இல்லை. இருந்தால் சின்ன வயதிலேயே இருந்திருக்க வேண்டும். அது உங்களுக்கே மறந்திருக்கும், அதனால் கூட இருந்து பார்த்தவர் சொல்வதுதான் முக்கியம். இப்படிச் சொல்லிவிட்டு நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டார். "மாஷிமா, சின்னப் பிள்ளையில் இவள் எப்படி இருப்பாள்?" என்று பெரியம்மா முறை வைத்து வங்காளியில் கேட்டார்.

காய்கறிக்காரர்களோடு இத்தனை வருஷமாக வங்காளியில் மல்லுக்கட்டி ஜெயிக்கிற என் அம்மா, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு தமிழில் பதில் சொன்னாள்.

"தங்கமான பிள்ள. இருக்க எடமே தெரியாது."

அடக் கடவுளே என்று ஆனது எனக்கு. இந்தக் குரல் எனக்குத் தெரியும். என் இருபதுகளில் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அம்மா உட்கார்ந்து பேசிய குரல். அதே பட்டு, அதே கோத்த கை, அதே வாசகம். ஒருமுறை அவர்கள் வருகிற நாளையே நான் மறந்து எங்கோ சுற்றப் போய்விட்டேன். பிள்ளை கோயிலுக்குப் போயிருக்கிறாள், பக்தி ஜாஸ்தி என்று அம்மா கண் இமைக்காமல் சொன்னவள். பெண்ணைப் பற்றி மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஒரு ஆண் கேள்வி கேட்டால் பதில் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்பது அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது.

நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன்.

"படிக்கும்போது கவனம் எப்படி இருக்கும்?"

"உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டா."

எப்படி எழுந்திருப்பேன்? பத்தாம் வகுப்பு வரை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் தொடையைக் கையால் அழுத்திக்கொண்டிருப்பாள். அதை அவள் சொல்லவில்லை.

"பொருள்களைத் தொலைப்பாளா?"

"ஒரு பென்சிலத் தொலச்சது கெடையாது."

"அம்மா!" என்றேன். மேஜைக்குக் கீழே என் முழங்காலை அமுக்கினாள்.

"ஆரம்பித்த வேலையை முடிப்பாளா?"

"வீட்டு வேல பூரா அவதான பாக்கா. சமையல்லாம் நல்லாப் பண்ணுவா."

சமையலைப் பற்றி டாக்டர் கேட்கவே இல்லை. மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் தங்கம் என்றால் நான் ஓட்டை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வங்காளியில் சொன்னாலும் அம்மாவுக்குப் புரியும், ஆங்கிலத்திலும் பாதி புரியும். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் குழந்தைப் பருவம் முழுவதையும் எனக்கு எதிராக நானே மொழிபெயர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேகமாக ஆங்கிலத்தில், "அம்மா முழுசாகச் சொல்லவில்லை டாக்டர், வேறு என்னவோ நினைத்துக்கொண்டு பேசுகிறாள்" என்றேன்.

"டாக்டரிடம் ஒரு தாய் எதற்காக மறைக்க வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பட்டுப்புடவையில் கை கோத்து உட்கார்ந்திருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு அதற்கு நான் என்ன பதில் சொல்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

கடைசியில் அவர் சொன்னது இதுதான். பதற்றம் தெரிகிறது, தூக்கம் போதவில்லை, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அந்த மருந்தை வெறும் ஊகத்தில் ஆரம்பிக்க முடியாது. சின்ன வயதில் உங்களைத் தெரிந்தவர் வேறு யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு இன்னொரு முறை வாருங்கள். அப்பா இல்லை, அண்ணன் தம்பி இல்லை, படித்த டீச்சர்கள் எங்கே இருக்கிறார்களோ. அவர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

வெளியே வந்ததும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"நல்ல மனுசன். நம்மளப் புடிச்சுப் போச்சு அவருக்கு. ஏட்டி, அந்த ஃபைல இங்க குடு. நீ ஆட்டோல விட்டுட்டு எறங்கிருவ."

நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"இத உள்ள சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"எத?"

"ஆட்டோல விட்டுட்டு எறங்கிருவன்னு இப்ப சொன்னியே, அத! அதத்தானம்மா அந்த மனுஷன் இவ்வளவு நேரமா மாத்தி மாத்திக் கேட்டாரு!"

மருந்துக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா குடையை எங்கள் முகத்துக்கு மறைவாகச் சாய்த்தாள்.

"சத்தம் போடாத. நான் பெத்த பிள்ளைய நானே போயி ஒரு வெளி ஆளுட்ட, இவ ஒண்ணுக்கும் ஆக மாட்டான்னு சொல்லணுமா? அவரு எழுதி வச்சுட்டாருன்னா? பாங்க்ல தெரிஞ்சா? நாளைக்கே ஒரு வரன் வந்தா?"

"வரனா! நீ எந்த லோகத்துல இருக்க?"

"ஒனக்கு என்னட்டி கொற? நான் இருக்கேம்லா?"

"நீ போனப்புறம்?"

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"நீ போனப்புறம் எனக்கு யாரும்மா சாவி கட்டி விடுவா? எங்க வெச்சேன்னு யாரு தேடித் தருவா? அதக் கேக்கத்தானே இங்க வந்தேன்."

அம்மாவின் பட்டுப்புடவையின் கரை தெருத் தண்ணீரில் நனைந்துகொண்டிருந்தது, அதைக்கூடத் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆட்டோவில் டாலிகஞ்ச் வரும்வரை ஃபைலையும் குடையையும் அவளே மடியில் வைத்திருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் வீட்டில் பேச்சு குறைவு. காலையில் சாவி கட்டும்போது மட்டும் அவள் விரல்கள் முடிச்சில் கூட நேரம் நின்றன. ஒரு நாள் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "அந்த மருந்தத் தின்னா வச்ச எடம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டாள். தெரியாது, சில பேருக்குக் கேட்குமாம் என்றேன். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். கூடத்தில் அம்மா போனில் கம்பவுண்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். வங்காளியில். இலக்கணமெல்லாம் தப்பு, ஆனாலும் மகனைக் கூப்பிடுவதுபோல் பாபா, பாபா என்று நிறுத்தாமல் பேசினாள். என் மகள் எல்லாவற்றையும் தொலைப்பாள், பாபா. இரண்டாம் வகுப்பில் வேறொரு பிள்ளையின் ஷூவைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், ஷூ மாறியதுகூட அவளுக்குத் தெரியாது. டீச்சர் தினமும் வகுப்புக்கு வெளியே நிறுத்துவாள். சாப்பிட உட்கார்ந்தால் இவள் பாதிச் சோற்றில் எழுந்து போய்விடுவாள். தொடையை அழுத்திப் பிடித்துத்தான் படிக்க வைத்தேன். பரீட்சை முடிகிறவரை பள்ளிக்கூட வாசலிலேயே நிற்பேன், பாதியில் எழுந்து வந்தால் திருப்பி அனுப்ப. மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அவள் கோயிலுக்குப் போகவில்லை, பாபா. எல்லாம் நான்தான் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

பரீட்சை அன்று வாசலில் நின்றது எனக்கே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அம்மா மூச்சு வாங்க நிறுத்தியபோது போய் ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தேன். வெறும் டயல் சத்தம்.

"எப்ப வெச்சாரு?"

"தெரியலயே. மொதல்ல பேரு கேட்டாரு."

"சொன்னியா?"

அம்மா யோசித்தாள். "இல்லட்டி. பேரச் சொல்ல விட்டுப் போச்சு."

நான் மறுபடி நம்பரைப் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடி, மறுபடி. ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை உண்டு. அம்மா சாவியைக் கட்டிவிட்டு, நீ போ, நான் போட்டுக்கிட்டே இருக்கேன் என்றாள். மத்தியானம் திரும்பியபோது எங்கள் தெருவில் பூஜைப் பந்தலுக்கு ஆள் கூடியிருந்தது. உள்ளே அம்மா போன் பக்கத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குளித்த மாதிரிகூடத் தெரியவில்லை.

"நோட்டு நெறஞ்சு போச்சாம். இனி துர்கா பூஜ, காளி பூஜ எல்லாம் கழிஞ்சுதான் டாக்டர் வருவாராம்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. அம்மா என் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து அரிசி டிரம்மில் போட்டுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அது வரைக்கும் எனக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கணுமேட்டி. இப்பல்லாம் எனக்கே ஒவ்வொண்ணு மறந்து போவுது. மொதல்ல இருந்து சொல்லுதேன், நீ கவனமாக் கேட்டுக்க. அங்ஙன வச்சு நான் எதையும் விட்டுட்டா நீ எடுத்துக் குடுக்கணும்."

இதை என்னிடம் போய்ச் சொன்னாள்.

சரியென்று தலையாட்டினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தாள். முதல் நாளே தண்ணி பாட்டிலைத் தொலைத்தது, ரிக்‌ஷாவில் சிலேட்டை விட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன், ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கையை இறுக்கிக்கொண்டு கேட்டேன். தெருவில் ஒரு லாரி வந்து நின்றது. பந்தலுக்கு மூங்கில் இறக்கினார்கள். ஒரு ஆள் மேலே நின்று ஒவ்வொன்றாகச் சரித்துவிட, கீழே இரண்டு பேர் அதைத் தோளில் வாங்கினார்கள். மூங்கில் இத்தனை நீளமாக இருக்கிறதே, எங்கள் தெரு முனையில் எப்படித் திரும்பி வந்திருக்கும் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா ஐந்தாம் வகுப்பில் இருந்தாள். நடுவில் என்ன சொன்னாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.